பெப்ரவரி 4: சின்னப் பிள்ளைகளோடு அரச இலை அச்சும் இலை பிஸ்கட்டும்

இலங்கையின் சுதந்திர தினம் நெருங்கினால் முன்பள்ளியிலும் சரி, வீட்டிலும் சரி, பிள்ளையின் முன்னால் ஒரு தாளை வைத்துக் "கொடி வரை" என்று சொல்லிவிடுகிறோம். நாலு வயதுப் பிள்ளையிடம் வாள் பிடித்த சிங்கத்தை வரையச் சொல்வது அநியாயம். பெரியவர்களுக்கே அது வராது. கடைசியில் அம்மா சிங்கத்தை வரைவார், அக்கா எல்லைக்கோடு கீறுவார், பிள்ளைக்கு மிஞ்சுவது மஞ்சள் பூசும் வேலை. அதற்கும் "கோட்டுக்கு வெளியே போகாதே மனே" என்ற அதட்டல் வேறு. தாள் அழகாக இருக்கும். ஆனால் அதில் பிள்ளை செய்தது என்று சொல்ல ஒன்றும் இருக்காது.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொடியை முழுதாக வரைய வேண்டாம், பிரித்து எடுங்கள். மூலைகளில் இருக்கும் அரச இலையை அச்சாகப் பதிக்க மூன்று வயதுக் கையே போதும். பச்சை, செம்மஞ்சள், கருஞ்சிவப்பு, மஞ்சள் ஆகிய நான்கு நிறங்களையும் சமையலறையிலேயே எடுக்கலாம். அதே நிறங்கள் பிஸ்கட்டிலும் ஏறும், அதே இலை வடிவத்தில் பிஸ்கட்டும் வெட்டலாம். சிங்கத்தைக் கொடிக்கம்பத்திலேயே விட்டுவிடுவோம். சிங்கம் போட்ட பிஸ்கட்டை ஒருவர் பாதி கடித்துவிட்டுக் கீழே போட, அதில் எறும்பு மொய்ப்பதைப் பார்க்க எனக்கும் மனம் ஒப்புவதில்லை.

பிள்ளை கேட்டால் சொல்வதற்கு இவ்வளவு தெரிந்திருந்தால் போதும். 1948இல் சுதந்திரம் கிடைத்தபோது ஏற்றிய கொடியில் சிவப்புப் பின்னணியில் சிங்கம் இருந்தது. 1951இல் இரண்டு கோடுகள் சேர்ந்தன: பச்சை முஸ்லிம் மக்களுக்கு, செம்மஞ்சள் தமிழ் மக்களுக்கு. அரச இலைகள் வந்தது 1972இல். அன்பு, கருணை, பிறர் மகிழ்ச்சியைக் கண்டு மகிழ்தல், சலனமில்லாத மனம் என்ற நான்கு குணங்களை அவை குறிக்கின்றன. கோடுகளை விளக்க மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைக்கு நீண்ட பேச்சுத் தேவையில்லை. தமிழர் வாழும் ஆரையம்பதியைத் தாண்டினால் முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடி, தமிழர் வாழும் காரைதீவைத் தாண்டினால் முஸ்லிம்கள் வாழும் சாய்ந்தமருது, அந்தப் பக்கம் போனால் சிங்களவர் அதிகம் வாழும் அம்பாறை நகரம். பஸ்ஸில் போய்வரும் பிள்ளைக்கு இது பாடம் நடத்தாமலே புரியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் பகுதியில் எல்லா வீடும் இந்த நாளை ஒரே மனதோடு பார்ப்பதில்லை. கரிநாளாகக் கொள்ளும் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களுக்கு உள்ள காரணத்தை ஒரு பிஸ்கட் கட்டுரை ஆராயப் போவதில்லை. உங்கள் வீடு அப்படிப்பட்டதென்றால், கீழே அரச இலை என்று வரும் இடத்தில் எல்லாம் பூவரசு இலையையோ, வாவி மீனையோ, குளத்தில் பூக்கும் நீலோற்பலத்தையோ வைத்துக்கொள்ளுங்கள். செய்முறை ஒன்றும் மாறாது. நீலோற்பலம் நம் நாட்டின் தேசிய மலரும்தான். முன்பள்ளி ஆசிரியர்களுக்கும் இதையே சொல்வேன். வகுப்பில் எந்தப் பிள்ளையின் வீடு எப்படி என்று தெரியாதபோது இலையும் பூவும் யாரையும் சங்கடப்படுத்தாது.

எப்போது தொடங்குவது

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய நினைத்தால் பிள்ளையும் அழும், நீங்களும் அழுவீர்கள். 3ஆம் திகதி பின்னேரம் நிறம் எடுப்பதும் இலை அச்சும். 4ஆம் திகதி விடுமுறை. காலையில் மா பிசைந்து சுடலாம், ஆறிய பிறகு பின்னேரம் பிஸ்கட்டுக்கு நிறம் பூசலாம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளை ஒரு வேலையில் பதினைந்து நிமிடம் இருந்தாலே பெரிய விஷயம். அதற்கு மேல் பிடித்து வைக்க வேண்டாம். எழும்பி ஓடினால் ஓடட்டும், அடுத்த கட்டத்துக்குத் தானாகவே வரும்.

பெப்ரவரித் தொடக்கத்தில் நம் பக்கம் மாரி மழை முற்றாக விட்டிருக்காது. காற்றில் ஈரம் இருக்கும், நிறம் மெதுவாகத்தான் காயும். தாள்களை விசிறிக்குக் கீழே விரித்து, மூலைகளில் கல் வைத்து இரவு முழுக்க விட இடம் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் சாப்பாட்டுக்குத் தேவைப்படாத மேசையாக இருந்தால் நல்லது.

உடுப்பு விஷயம் முக்கியம். மஞ்சளும் பீட்ரூட்டும் துணியில் ஏறும். பழைய ரீசேட் ஒன்றைப் போட்டுவிடுங்கள். பீட்ரூட் பட்டால் உடனே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். மஞ்சள் பட்ட இடத்தில் சவர்க்காரம் போட்டால் சிவக்கும். பயப்பட வேண்டாம், அலசிவிட்டு வெயிலில் காயப் போட்டால் ஒன்றிரண்டு நாளில் வெளுத்துவிடும். மஞ்சள் நிறத்துக்கு வெயில் ஆகாது.

நிறம் எடுப்பது

கடையில் விற்கும் வோட்டர் கலரும் நல்லதுதான். ஆனால் மூன்று வயதுப் பிள்ளை தூரிகையை வாயில் வைக்காமல் இருக்காது. சமையலறை நிறம் என்றால் அந்தப் பதற்றம் இல்லை. அத்தோடு நிறம் எடுக்கும் வேலையே பிள்ளைக்குப் பாதிக் கொண்டாட்டம்.

மஞ்சள்: ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளில் இரண்டு மேசைக்கரண்டி சுடுதண்ணீர் விட்டுக் கலக்கி, ஐந்து நிமிடம் கழித்து மெல்லிய துணியில் வடிக்கவும்.

செம்மஞ்சள்: வடித்த மஞ்சளில் பாதியை வேறு கிண்ணத்தில் ஊற்றி, அப்பச்சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்க்கவும். கண்ணுக்கு முன்னாலேயே நிறம் சிவக்கும். ஆலாத்தி எடுக்க மஞ்சளோடு சுண்ணாம்பு கரைக்கும்போது நடப்பதும் இதுதான். ஆனால் சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் பொத்துப்போக வைக்கும், பிள்ளைகள் கிட்ட வேண்டவே வேண்டாம். அப்பச்சோடாவே போதும். அதிகம் போட்டால் செங்கபிலமாகிவிடும். அப்படி ஆனால் ஒரு துளி தேசிக்காய்ப் புளி விடுங்கள், மஞ்சள் பக்கம் திரும்பி வரும். அது தெரிந்துவிட்டால் பிள்ளை அப்பச்சோடாவும் தேசிக்காயும் மாறிமாறிக் கேட்டு அரை மணி நேரம் விளையாடும். விளையாடட்டும்.

கருஞ்சிவப்பு: இதுதான் கொஞ்சம் சிக்கல். பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்தால் வருவது ரோசா நிறம். தாளில் காய்ந்த பிறகு அது இன்னும் மங்கும். கடும் சாயத் தேத்தண்ணீர், சீனியில்லாமல், கொஞ்சம் சேர்த்தால் நிறம் ஓரளவு ஆழமாகும். கொடியில் உள்ள கருஞ்சிவப்பு அச்சொட்டாக வராது, வர வேண்டியதும் இல்லை.

பச்சை: பசளிக்கீரையை இரண்டு கைப்பிடி எடுத்து, கொஞ்சத் தண்ணீரோடு மிக்சியில் அடித்து வடிக்கவும். ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டால் பச்சை கறுத்துப்போகாமல் நிற்கும். பிஸ்கட்டுக்கு வேண்டிய பச்சையை மட்டும் ரம்பை இலையில் எடுங்கள், வாசத்துக்காக.

நீலோற்பலமோ வாவியோ வரைபவர்களுக்கு நீலம் வேண்டும். வேலியில் சங்குப்பூக் கொடி இருந்தால் பத்துப் பதினைந்து பூவைச் சுடுதண்ணீரில் ஊறவிடுங்கள். தேசிக்காய்ப் புளி பட்டால் ஊதாவாகும்.

இந்த நிறங்கள் எல்லாம் தண்ணீராக இருக்கும், தாளில் வழிந்து ஓடும். அதனால் ஒரு பசை தேவை. ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவை அரைக் கோப்பைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டினால் கஞ்சிப் பதத்தில் வரும். ஆறிய பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தேக்கரண்டி, இரண்டு தேக்கரண்டி சேர்த்துக் கலக்குங்கள். இலையில் பூசினால் வழியாமல் பிடித்து நிற்கும் அளவுதான் பதம். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம், அதற்கு மேல் புளித்துவிடும். பிஸ்கட்டுக்குப் போகும் நிறத்தில் இந்தப் பசையைச் சேர்க்கக் கூடாது. அதனால் ஆரம்பத்திலேயே ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். சோடா கலந்த செம்மஞ்சளில் எடுக்க வேண்டாம், அது பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இலை அச்சு

அரச மரம் பெரும்பாலும் கோயில் வீதியிலோ விகாரை வளவிலோதான் நிற்கும். இரண்டு சமயத்தவருக்கும் அது வணங்கும் மரம், ஒடிக்க வேண்டாம். கீழே விழுந்த இலைகளிலேயே பச்சையும் மஞ்சளுமாக மெதுவாக இருப்பவை கிடைக்கும். சருகு உதவாது, பூசும்போதே நொறுங்கும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ப் பொறுக்குங்கள், அதுவும் வேலையில் ஒரு பகுதி. கிடைக்காவிட்டால் வேலியில் நிற்கும் பூவரசு இலை அச்சில் கிட்டத்தட்ட அதே வடிவம்தான். வால் மட்டும் நீளமாக இருக்காது. பீப்பீ செய்து ஊதியது போக மிஞ்சும் இலைகள் இதற்குப் போதும்.

இலையைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்துப் போடுங்கள். நரம்பு புடைத்துத் தெரியும் அடிப்பக்கத்தில்தான் நிறம் பூச வேண்டும், மேல்பக்கத்தில் பூசினால் வெறும் கறைதான் விழும். தூரிகை இல்லாவிட்டால் ஒரு துண்டு ஸ்பஞ்சைக் கிண்ணத்தில் தொட்டு ஒற்றலாம். சின்னக் கைகளுக்கு ஸ்பஞ்சே வசதி. நிறம் மெல்லியதாக இருக்க வேண்டும், கொட்டியிருந்தால் நரம்பு மூடிப்போகும். பிறகு காம்பைப் பிடித்து இலையைத் தாளில் கவிழ்த்து, மேலே ஒரு பழைய பத்திரிகைத் தாளைப் போட்டு, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டு போக வேண்டும். இதில் பெரியவரின் வேலை ஒன்றே ஒன்று: இலை நகராமல் காம்பைப் பிடித்துக்கொள்வது. பத்திரிகையை எடுத்து, இலையைக் காம்பிலிருந்து மெதுவாகத் தூக்குங்கள். அரச இலையின் வால் நுனி ஒட்டிக்கொள்ளும், அவசரப்பட்டால் கிழியும்.

முதல் அச்சைவிட இரண்டாவதுதான் வழமையாக நன்றாக வரும். நிறம் குறைந்து நரம்பெல்லாம் தெரியும். அதனால் ஒரு முறை பூசி இரண்டு தாளில் பதிக்கச் சொல்லுங்கள். தாளுக்குப் பிரிஸ்டல் போட் வேண்டியதில்லை. டிமைத் தாளை நான்காக வெட்டினால் போதும், ஈரத்தையும் நன்றாக உறிஞ்சும். அப்பியாசக் கொப்பித் தாள் சுருண்டுவிடும்.

ஒரு பெரிய தாளில் கொடியின் சாயலைக் கொண்டுவர விரும்பினால், உயரத்தைப் போல இரண்டு மடங்கு நீளமாகத் தாளை வெட்டுங்கள், கொடியின் அளவும் அதுதான். இடது ஓரத்தில் பிள்ளை அகலமாக ஒரு பச்சைக் கோடு, பக்கத்தில் செம்மஞ்சள் கோடு இழுக்கட்டும். மிச்ச இடத்துக்குக் கருஞ்சிவப்பு. அது காய்ந்த பின் நான்கு மூலைக்கும் நான்கு இலை. கருஞ்சிவப்பின் மேல் மெல்லிய மஞ்சள் தெரியாது, மஞ்சளில் பசையும் தூளும் கூடுதலாகப் போட்டுத் தடிப்பாக்குங்கள். அதுவும் எடுபடாவிட்டால் வேறு தாளில் பதித்த இலையை வெட்டி ஒட்டுவதுதான் சுலபம். நடுவில் சிங்கம் இல்லையே என்று யாரும் கேட்டால் அந்த இடத்தில் பிள்ளையின் கை அச்சை வைத்துவிடுங்கள். முன்பள்ளிச் சுவருக்கு அது நன்றாகவே இருக்கும்.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இன்னொரு வேலை கொடுக்கலாம். தாள் முழுக்க மஞ்சள் தண்ணீரைப் பூசிக் காயவிடுங்கள். அப்பச்சோடா ஒரு தேக்கரண்டியைக் கால் கோப்பைத் தண்ணீரில் கரைத்து, அதைத் தொட்டு அந்த மஞ்சள் தாளில் எதையாவது வரையச் சொல்லுங்கள். நிறமே இல்லாத தண்ணீரால் வரைந்த கோடு செந்நிறமாகக் கிளம்பும். தங்கள் பெயரை எழுதுவார்கள், உங்கள் பெயரையும் எழுதுவார்கள், பிறகு தாள் போதாது என்பார்கள். என் அனுபவத்தில் இந்த வேலைக்குப் பிறகு இலை அச்சுக்கு யாரும் திரும்பி வருவதில்லை. ஆகவே இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்கட் மா

கேக்கை விட்டு ஏன் பிஸ்கட் என்றால், கேக்கில் பிள்ளைக்கு வேலை இல்லை. அடிப்பதை மெஷின் செய்யும், வேகவைப்பதை அடுப்பு செய்யும். பிஸ்கட் மா என்றால் பிசையலாம், உருட்டலாம், வெட்டலாம், பிழைத்தால் திரும்பவும் உருட்டலாம்.

வேண்டிய சாமான்: பட்டர் 100 கிராம், ஐசிங் சீனி 50 கிராம், கோதுமை மா 125 கிராம், வறுத்த அரிசி மா 25 கிராம், ஏலக்காய்த் தூள் ஒரு சிட்டிகை. பட்டர் உப்பில்லாததாக இருந்தால் உப்பும் ஒரு சிட்டிகை. தராசு இல்லாதவர்களுக்கு: கோதுமை மா ஒரு கோப்பை தட்டி, அரிசி மா இரண்டு மேசைக்கரண்டி குவித்து, ஐசிங் சீனி அரைக் கோப்பைக்குச் சற்றுக் குறைவாக. ஐசிங் சீனி இல்லாவிட்டால் சாதாரணச் சீனியை மிக்சியில் பொடியாக்கி அரித்துக்கொள்ளலாம். பட்டருக்குப் பதில் மாஜரினும் போடலாம், வாசம் குறையும், மா இன்னும் இளகும்.

அரிசி மா எதற்கு என்று கேட்பீர்கள். நம் ஈரக் காற்றில் வெறும் கோதுமை மா பிஸ்கட் சீக்கிரம் நமத்துப்போகும். வறுத்த அரிசி மா கொஞ்சம் சேர்ந்தால் மொறுமொறுப்பு வரும். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் வைத்திருக்கும் அதே மாதான், மெல்லிய அரிதட்டில் ஒரு முறை அரித்துக்கொள்ளுங்கள்.

இதில் முட்டையும் இல்லை, சோடாவும் இல்லை, இரண்டுமே காரணத்தோடுதான். முட்டை இல்லாததால் மரக்கறி நாளிலும் செய்யலாம். சோடா இல்லாததற்குக் காரணம் மேலே பார்த்ததுதான். மாவில் சோடா இருந்தால் மேலே பூசும் மஞ்சள் சிவந்துபோகும். சோடா கூடினால் வாயில் சவர்க்காரச் சுவையும் வரும். செம்மஞ்சளைப் பிஸ்கட்டுக்கு எடுத்து வைக்க வேண்டாம் என்றது அதனால்தான்.

1. பட்டரை வெளியே எடுத்து வையுங்கள். விரல் வைத்தால் பதிய வேண்டும், உருகி எண்ணெயாக ஓடக் கூடாது. மத்தியானச் சூட்டில் பத்தே நிமிடத்தில் இளகிவிடும், அதனால் காலை வேளைதான் இதற்குச் சரி.

2. பட்டரையும் ஐசிங் சீனியையும் அகப்பையால் குழையுங்கள். பிள்ளை சீனியைக் கொட்டட்டும். கொட்டும்போது மூச்சு விடாமல் இருக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முகமெல்லாம் வெள்ளை.

3. இரண்டு மாவையும் ஏலக்காயையும் அரித்துச் சேர்த்து, விரல்களால் திரட்டுங்கள். முதலில் உதிரியாகவே இருக்கும், ஒரு நிமிடத்தில் சேரும். சேராவிட்டால் ஒரு தேக்கரண்டி பால். பிட்டுக்குக் குழைக்கும் பழக்கத்தில் தண்ணீர் தெளித்துவிட வேண்டாம், பிஸ்கட் கல்லாகிவிடும்.

4. தட்டையாக்கிப் பொலித்தீனில் சுற்றி அரை மணி நேரம் குளிரூட்டுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டால் மண்பானைத் தண்ணீர் ஊற்றிய தாச்சியின் மேல் பாத்திரத்தை வைத்துவிடுங்கள்.

5. இரண்டு பொலித்தீன் தாள்களுக்கு நடுவில் மாவை வைத்து உருட்டுங்கள். கழுவித் துடைத்த கண்ணாடிப் போத்தலே போதும். மாவின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு பென்சிலை வைத்து, போத்தல் பென்சில்களின் மேல் ஓடுமாறு விட்டால், எந்தப் பிள்ளை உருட்டினாலும் கனம் ஒரே அளவாக வரும்.

பச்சை மாவை வழித்து நக்க விடாதீர்கள். சுடாத கோதுமை மாவிலும் கிருமி இருக்கலாம். இதைச் சொன்னால் பெத்தாமார் சிரிப்பார்கள், சிரித்தாலும் பரவாயில்லை.

இலை வடிவ அச்சு கடையில் தேட வேண்டாம். இதய வடிவ பிஸ்கட் அச்சு எங்கும் கிடைக்கும். அதால் வெட்டி, கீழ் முனையை இரண்டு விரலால் கிள்ளிச் சற்று இழுத்துவிட்டால் அரச இலை. அச்சும் இல்லையென்றால் அட்டையில் இலையை வைத்துக் கீறி வெட்டி, அதை மாவில் வைத்துச் சுற்றிவர மழுங்கிய கத்தியால் வெட்டலாம். வால் குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கட்டும், நீட்டி மெல்லியதாக்கினால் அதுதான் முதலில் கருகும். கழுவிய ஈர்க்கால் நடு நரம்பையும் பக்க நரம்புகளையும் கீறுவது பிள்ளையின் வேலை. கிட்டத்தட்ட 15 இலை வரும். ஓரத் துண்டுகளைத் திரட்டித் திரும்ப உருட்டுங்கள். கடைசித் துண்டைப் பிள்ளை என்ன வடிவம் செய்தாலும் செய்யட்டும். பாம்பு, டைனோசர் எல்லாம் வந்திருக்கிறது.

சுடுவது

அவண் இருந்தால் 170 பாகை செல்சியசில் முன்கூட்டியே பத்து நிமிடம் சூடாக்கி, தட்டில் ஒயில் பேப்பர் விரித்து, 12 முதல் 15 நிமிடம். ஓரம் பொன்னிறமாகத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். நடுப்பகுதி அப்போது மெதுவாகத்தான் இருக்கும், ஆறினால் இறுகும். "இன்னும் வேகவில்லை" என்று திரும்ப வைப்பதால்தான் பலருக்குக் கருகுகிறது.

அவண் இல்லாத வீட்டிலும் செய்யலாம். கேக்கைச் சிரட்டைத் தணலை மேலும் கீழும் வைத்துச் சுட்ட காலம் இருந்தது, காஸ் அடுப்பில் அதைவிட இலகு. கனமான அலுமினியச் சட்டியின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கழுவிக் காய்ந்த ஆற்று மணலைப் பரப்புங்கள். நடுவில் சட்டி வைக்கும் ஒரு சின்னத் திருகணியை வைத்து மூடி, நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு பிஸ்கட் தட்டைத் திருகணியின் மேல் வைத்து, தீயைக் குறைத்து இறுக்கமாக மூடுங்கள். 20 நிமிடம் வரை எடுக்கும். அடி முதலில் சிவக்கும், மேலே வெளிறித்தான் இருக்கும். 15ஆவது நிமிடத்தில் ஒன்றைக் கிளப்பி அடியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டாத பூச்சுள்ள நொன்ஸ்டிக் சட்டியை இதற்கு எடுக்க வேண்டாம், வெறும் சூட்டில் பூச்சு கெட்டுவிடும்.

இந்தக் கட்டத்தில் பிள்ளைகள் அடுப்புப் பக்கம் வரக் கூடாது. வாசலில் ஒரு கயிற்றைக் கட்டி, காய்ந்த இலை அச்சுகளை வெட்டி அதில் கோக்கும் வேலையைக் கொடுத்துவிடுங்கள். மாவிலைத் தோரணம் தொங்கும் இடத்தில் அன்றைக்கு இது தொங்கும்.

பிஸ்கட்டுக்கு நிறம்

சுட முன்னும் பூசலாம், சுட்ட பின்னும் பூசலாம். ஆனால் எல்லா நிறமும் இரண்டுக்கும் ஒத்துவராது. மஞ்சள் அவண் சூட்டைத் தாங்கும். ஒரு தேக்கரண்டி ரின்பாலில் சில துளி மஞ்சள் நிறத்தைக் கலந்து, சுடுவதற்கு முன் இலையின் மேல் தூரிகையால் பூசினால் பளபளவென்று வரும். முட்டை சாப்பிடும் வீடுகளில் ரின்பாலுக்குப் பதில் மஞ்சட்கருவும் அரைத் தேக்கரண்டித் தண்ணீரும். பீட்ரூட் சூட்டில் கபிலமாகிவிடும், அதைச் சுட்ட பிறகுதான் பயன்படுத்த வேண்டும்.

பிஸ்கட் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் ஐசிங் வைத்தால் உருகி வழியும். ஐசிங் சீனி 100 கிராமை நான்கு கிண்ணங்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் சில துளி தேசிக்காய்ப் புளியும் நிறமும் விட்டுக் குழையுங்கள். மொத்த ஈரம் கிண்ணத்துக்கு ஒரு தேக்கரண்டியைத் தாண்டக் கூடாது. கரண்டியைத் தூக்கினால் மெதுவாக நூலாக விழ வேண்டும். பீட்ரூட் புளியோடு சேர்ந்தால் நல்ல சிவந்த ரோசா. பீட்ரூட்டும் மஞ்சளும் சேர்ந்தால் செம்மஞ்சள், சோடா இல்லாமலே. ரம்பைச் சாற்றில் பச்சை வெளிறித்தான் வரும், ஒரு துளி மஞ்சள் விட்டால் தளிர்ப் பச்சையாகும்.

பிறகு தூரிகையைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். எந்த இலைக்கு எந்த நிறம் என்று நீங்கள் சொல்லத் தொடங்கினால், அந்தச் சிங்கம் கதைதான் திரும்ப நடக்கும். ஊதா இலையும் வரும், அரைவாசி கடித்த இலைக்கும் நிறம் பூசப்படும். பிஸ்கட்டுக்கு வைத்த தூரிகை முன்பு நிறம் தொடாத புதியதாக இருந்தால் போதும். மூன்று வயதுக்காரருக்குத் தூரிகை சரிவராவிட்டால் விரலாலேயே பூசட்டும், கையைக் கழுவியிருந்தால் சரி.

ஐசிங் காய நம் காற்றில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். தட்டை வெறுமனே வைத்தால் எறும்பு வரும். தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் தட்டை வையுங்கள்.

அயலுக்குக் கொடுப்பது

15 பிஸ்கட்டில் பாதி அன்றே தீரும். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், தொடங்கும்போதே சில விஷயங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். வெனிலா எசன்ஸ் சிலவற்றில் மதுசாரம் இருக்கும். அலங்காரத்துக்குப் போடும் மாஷ்மலோ, ஜெலி வகைகளில் ஜெலட்டின் இருக்கும், அது எதிலிருந்து எடுத்தது என்று பொதியில் தெளிவாக இருக்காது. இரண்டையும் தவிர்த்துவிட்டால் முஸ்லிம் வீட்டுக்கும் மரக்கறி வீட்டுக்கும் ஒரே தட்டைக் கொண்டுபோகலாம். மேலே எசன்ஸைச் சேர்க்காமல் ஏலக்காயைச் சொன்னது இதற்காகத்தான். 2028இல் பெப்ரவரி 4 வெள்ளிக்கிழமையில் வருகிறது, நோன்பு மாதமும் அப்போது நடந்துகொண்டிருக்கும். அந்த வருடம் தட்டைப் பகலில் கொண்டுபோகாமல், நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன் கொடுத்துவிடுவது மரியாதை. கொடுக்கும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். "நான்தான் இலைக்கு வால் வைத்தேன்" என்று அது சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லக் கூடாது.

மிஞ்சியதை முழுக்க ஆறவிட்டு, ஐசிங் கையில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகு, இறுக்கமாக மூடும் ரின்னில் அடுக்கடுக்காக ஒயில் பேப்பர் வைத்துப் போடுங்கள். ஒரு கிழமை நிற்கும். ஐசிங் இல்லாத பிஸ்கட் நமத்துப்போனால் 150 பாகையில் ஐந்து நிமிடம் சூடாக்கி ஆறவிட்டால் மொறுமொறுப்புத் திரும்பும். ஐசிங் பூசியதை அப்படிச் செய்ய முடியாது, அதை முதலில் சாப்பிட்டு முடியுங்கள். இலை அச்சுகள் வெளிச்சத்தில் சில கிழமைகளில் மங்கும், மஞ்சள்தான் முதலில் போகும். வைத்திருக்க விரும்பினால் பின்பக்கத்தில் பென்சிலால் பெயரும் வருடமும் எழுதி, வெயில் படாத கோப்பு ஒன்றில் போட்டுவிடுங்கள். தொங்கவிடுவதற்கு முன் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.